நஷ்டக் கணக்கையும் காட்டுங்கள்

இரவு மணி பத்து. கடையைச் சாத்திவிட்டு வந்த தையல்காரர் திண்ணையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

செல்போனில் ஒருவர் பேசுகிறார். அவருக்குப் பின்னால் பெரிய கார் ஒன்று நிற்கிறது. "மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். இன்று காலை அரை மணி நேரம் வேலை செய்தேன். 38 ஆயிரம் ரூபாய் லாபம். பங்குச் சந்தையில் இதை எப்படிச் செய்வது என்று உங்களுக்கும் சொல்லித் தருகிறேன். கட்டணம் வெறும் 99 ரூபாய்" என்கிறார்.

38 ஆயிரம் ரூபாய் சம்பாதிக்க எத்தனை ரவிக்கை தைக்க வேண்டும்! 99 ரூபாய்தானே என்று தையல்காரர் கட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை செல்போனிலேயே வகுப்பு நடந்தது. மொத்தம் மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் காரையும் பங்களாவையும் காட்டினார்கள். அடுத்த ஒரு மணி நேரம் பச்சைக் கோடும் சிவப்புக் கோடும் காட்டினார்கள். கடைசியில்தான் விஷயம் வந்தது.

"உண்மையான ரகசியம் மேல் வகுப்பில் இருக்கிறது. அதற்குக் கட்டணம் ஒரு லட்சம் ரூபாய். இன்று இரவு 12 மணிக்குள் சேர்ந்தால் 45 ஆயிரம் மட்டுமே. இன்னும் 7 இடம்தான் பாக்கி."

வீட்டில் 48 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. மகளின் நர்சிங் படிப்புக்காக இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணம்.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டில் நடந்த கதை அல்ல. ஆனால் நம் நாட்டில் பல வீடுகளில் இப்படி நடக்கிறது. இந்தத் தையல்காரருக்கு ஒரு நல்ல துணை இருந்தது. அவர் மனைவி மகளிர் குழுவில் கணக்கு எழுதுபவர்.

"ஏங்க, பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?" என்று கேட்டார். நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்தார். நாமும் அவர்களோடு சேர்ந்து கணக்குப் போடுவோம்.

முதல் கணக்கு: அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

99 ரூபாய் வகுப்பில் 10 ஆயிரம் பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வசூல் 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். அவர்களில் 200 பேர் 45 ஆயிரம் கட்டினால் 90 லட்சம் ரூபாய்.

கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய் வந்துவிட்டது. இதற்காக அவர் ஒரு பங்கைக்கூட வாங்க வேண்டியதில்லை. பங்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குக் கவலை இல்லை. அப்படியானால் அந்தக் காரை வாங்கிக் கொடுத்தது பங்குச் சந்தையா, மாணவர்களின் கட்டணமா? இது யோசிக்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது கணக்கு: மாதம் 10 சதவீத லாபம்

"மாதம் 10 சதவீதம் லாபம் நிச்சயம்" என்று அவர் சொன்னார். கேட்க எளிதாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 10 ஆயிரம் ரூபாய் போடுகிறோம். லாபத்தை எடுக்காமல் அதிலேயே விட்டுவிடுகிறோம்.

ஓர் ஆண்டில் அது 31 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும்.
5 ஆண்டில் 30 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும்.
10 ஆண்டில் 92 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும்.

தையல்காரரின் மனைவி பேனாவைக் கீழே வைத்தார். "பத்தாயிரத்தைத் தொண்ணூறு கோடி ஆக்கத் தெரிந்தவருக்கு நம்ம 45 ஆயிரம் எதுக்குங்க?" என்று கேட்டார். தையல்காரரிடம் பதில் இல்லை.

"ஐந்து நாளும் சரியாகச் சொன்னாரே!"

தையல்காரருக்கு இன்னும் மனம் கேட்கவில்லை. "போன வாரம் குழுவில் தினமும் ஒரு தகவல் அனுப்பினார். ஐந்து நாளும் சொன்னபடியே நடந்தது. அது எப்படி?" என்றார்.

இதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. 1,600 பேரின் செல்போன் எண்கள் ஒருவரிடம் இருக்கின்றன. அவர் 800 பேருக்கு "நாளை விலை ஏறும்" என்று அனுப்புகிறார். மற்ற 800 பேருக்கு "நாளை விலை இறங்கும்" என்று அனுப்புகிறார். விலை ஏறினாலும் இறங்கினாலும் 800 பேருக்குச் சரியான தகவல் போயிருக்கும்.

மறுநாள் அந்த 800 பேரை மட்டும் இரண்டாகப் பிரிக்கிறார். அவர்களில் 400 பேருக்குச் சரியாக இருக்கும். மூன்றாம் நாள் 200 பேர். நான்காம் நாள் 100 பேர். ஐந்தாம் நாள் 50 பேர்.

இந்த 50 பேரும் "ஐந்து நாளும் சரியாகச் சொன்னார்" என்று நம்புவார்கள். தவறான தகவல் பெற்ற 1,550 பேரை இவர்கள் பார்க்கவே இல்லை. அனுப்பியவருக்குப் பங்குச் சந்தையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எல்லோரும் இதே தந்திரத்தைச் செய்வதில்லை. சிலர் தவறான தகவலைக் குழுவிலிருந்து அழித்துவிடுவார்கள். சரியானதை மட்டும் விட்டுவைப்பார்கள். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான். வென்றது கண்ணுக்குத் தெரியும். தோற்றது தெரியாது.

லாபப் படத்தை நம்பலாமா?

"லாபம் 38,000" என்று செல்போன் திரையைப் படம் பிடித்துக் காட்டுவார்கள். அந்தப் படத்தில் நான்கு விஷயங்கள் தெரியாது.

ஒன்று, அது உண்மைப் பணமா என்பது. பழகுவதற்காகப் பொய்ப் பணத்தில் வாங்கி விற்கும் செயலிகள் இருக்கின்றன.
இரண்டு, அந்த எண் உண்மையா என்பது. திரையில் தெரியும் எண்ணை மாற்றிப் படம் எடுக்க முடியும்.
மூன்று, நேற்று எவ்வளவு நஷ்டம் என்பது.
நான்கு, வேறொரு கணக்கில் அதே நாளில் எவ்வளவு நஷ்டம் என்பது. ஒரு கணக்கில் விலை ஏறும் என்றும், இன்னொரு கணக்கில் விலை இறங்கும் என்றும் பணம் போடலாம். எது லாபமோ அதை மட்டும் காட்டலாம்.

ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்கிறோம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பின் பெயர் செபி. இதன் தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. 2023 அக்டோபரில் செபி ஒருவர் மீது இடைக்கால உத்தரவு போட்டது. அவர் யூடியூபிலும் டெலிகிராமிலும் பேசி, பங்குச் சந்தை வகுப்புகளை விற்று வந்தவர். பதிவு பெறாமலே முதலீட்டு ஆலோசனை சொன்னார் என்பது செபியின் குற்றச்சாட்டு. வசூலித்த சுமார் 17 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் கட்டும்படி செபி சொன்னது.

அந்த உத்தரவில் இன்னொரு தகவலும் இருந்தது. 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை அவருடைய சொந்த வணிகத்தில் சுமார் 2 கோடியே 89 லட்சம் ரூபாய் நஷ்டம். ஆனால் மாணவர்களுக்கு அவர் லாபத்தை மட்டுமே காட்டினார் என்று செபி கூறியது.

உண்மையில் எத்தனை பேருக்கு லாபம் வருகிறது?

இந்த வகுப்புகளில் பெரும்பாலும் எஃப் அண்ட் ஓ என்ற வணிகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். இதில் ஆப்ஷன் என்ற ஒரு வகை உண்டு. நிலத்துக்கு அச்சாரம் கொடுப்பது போன்றது இது. குறித்த நாளுக்குள் விலை நாம் நினைத்தபடி போகாவிட்டால் கொடுத்த அச்சாரம் முழுவதும் போய்விடும். சில நாட்களில், சில நேரம் சில மணி நேரத்திலேயே போய்விடும்.

செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் இந்த வணிகம் செய்த தனி நபர்களின் கணக்கை அதில் பார்த்தார்கள். 100 பேரில் 93 பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 100 பேரில் ஒருவர்தான். 2024-25ஆம் ஆண்டிலும் 100 பேரில் 91 பேருக்கு நஷ்டம் என்று செபி 2025 ஜூலையில் கூறியது.

நஷ்டப்பட்டவர்கள் பணக்காரர்களா? இல்லை. 2023-24இல் இந்த வணிகம் செய்த தனி நபர்களில் முக்கால்வாசிப் பேர், தங்கள் ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்கும் குறைவு என்று எழுதிக் கொடுத்தவர்கள்.

அந்தப் பணம் யாரிடம் போனது? அதே ஆண்டில் பெரிய வணிக நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களும் செலவைக் கழிக்காமல் சுமார் 61 ஆயிரம் கோடி ரூபாய் லாபம் பார்த்தன. அதில் பெரும்பகுதியைச் சம்பாதித்தது கணினி நிரல்கள். நம் தையல்காரர் செல்போனில் விரலை வைப்பதற்குள் அந்தக் கணினி வாங்கி விற்று முடித்துவிடும்.

ஏமாற்றுப் பேச்சை எப்படி அறிவது?

பேச்சு: "இன்று இரவோடு முடிகிறது. 7 இடம்தான் பாக்கி."
உண்மை: செல்போன் வகுப்பில் நாற்காலி இல்லை. அவசரப்படுத்துவது நம்மை யோசிக்க விடாமல் செய்வதற்காக.

பேச்சு: "லாபம் நிச்சயம். நஷ்டமே வராது."
உண்மை: பங்குச் சந்தையில் இதை யாரும் சொல்ல முடியாது. பதிவு பெற்ற ஆலோசகரும் இப்படி உறுதி தரக் கூடாது.

பேச்சு: "பணம் இல்லையா? நகையை வையுங்கள். தவணையில் கட்டுங்கள். ஒரே மாதத்தில் எடுத்துவிடலாம்."
உண்மை: லாபம் வராவிட்டாலும் தவணை வரும்.

பேச்சு: "நான் அனுப்பும் இணைப்பு வழியாகத்தான் கணக்குத் தொடங்க வேண்டும்."
உண்மை: இதில் அவருக்குத் தரகு கிடைக்கலாம். நாம் அடிக்கடி வாங்கி விற்றால் அவருக்குப் பணம் சேரும்.

பேச்சு: "பாடம் சரிதான். உங்கள் மனக் கட்டுப்பாடுதான் போதாது. அதற்கும் ஒரு வகுப்பு இருக்கிறது."
உண்மை: லாபம் வந்தால் அவர் திறமை, நஷ்டம் வந்தால் நம் குற்றம் என்பது நியாயமான கணக்கு அல்ல.

யாரை நம்பலாம்? எப்படிச் சரிபார்ப்பது?

கட்டணம் வாங்கிக்கொண்டு "இந்தப் பங்கை வாங்கு, அந்தப் பங்கை விற்றுவிடு" என்று சொல்கிறவர் செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். முதலீட்டு ஆலோசகரின் பதிவு எண் ஐ.என்.ஏ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். ஆய்வாளரின் பதிவு எண் ஐ.என்.எச். என்று தொடங்கும். அவர் காட்டும் சான்றிதழை மட்டும் பார்த்தால் போதாது. செபியின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. எண்ணும் பெயரும் அதில் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் படித்த பிள்ளைகளிடம் கேளுங்கள்.

"நான் பாடம் மட்டும்தான் நடத்துகிறேன், பதிவு தேவையில்லை" என்று சிலர் சொல்வார்கள். பாடம் மட்டும் நடத்தத் தடை இல்லை. ஆனால் பாடம் என்ற பெயரில் இன்று எதை வாங்குவது என்று சொல்லக் கூடாது. பங்குச் சந்தையைப் பற்றி அறிய விரும்பினால் செபியே முதலீட்டாளர்களுக்காகப் பாடங்களை இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சிலர் போலிச் செயலியைக் கொடுப்பார்கள். அதில் லாபம் கூடிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டு" என்பார்கள். ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது இணையப் பண மோசடிக்கான அரசு உதவி எண். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதை நிறுத்த வாய்ப்பு உண்டு. செபியின் இலவச உதவி எண் 1800 266 7575.

இனி நம் தையல்காரர் வீட்டுக்குப் போவோம்.

மணி பதினொன்றரை. கட்டணம் கட்டச் சொல்லிக் குழுவில் தகவல் மேல் தகவல் வருகிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து மூன்று கேள்விகளை எழுதினார்கள். குழுவில் அனுப்பினார்கள்.

"ஐயா, உங்கள் செபி பதிவு எண் என்ன?"
"போன மூன்று வருடத்து லாபம், நஷ்டம் இரண்டும் உள்ள முழுக் கணக்கைக் காட்டுவீர்களா?"
"உங்களிடம் படித்தவர்களில் எத்தனை பேருக்கு நஷ்டம்?"

இரண்டு நிமிடம் பதில் இல்லை. பிறகு அந்தக் குழுவே அவர் செல்போனில் திறக்கவில்லை. அவரை நீக்கிவிட்டார்கள்.

"கேட்டதுக்கு இதுதான் பதில்" என்றார் மனைவி. 48 ஆயிரம் ரூபாய் பத்திரமாக இருந்தது. 99 ரூபாய் திரும்பி வரவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. ஒருவர் 15 ஆயிரம் ரூபாய் வீதம் 300 பேரிடம் வகுப்புக் கட்டணம் வாங்குகிறார். மொத்த வசூல் எவ்வளவு?

2. உங்களிடம் இருந்த 20 ஆயிரம் ரூபாயில் பாதி நஷ்டமாகிவிட்டது. மீதிப் பணம் மறுபடி 20 ஆயிரம் ஆக எத்தனை சதவீத லாபம் வேண்டும்? (50 சதவீதம் போதாது.)

3. உங்கள் ஊரில் யாராவது இப்படிப் பணம் கட்டியிருக்கிறார்களா? அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். மேலே உள்ள மூன்று கேள்விகளையும் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.