கால்நடைகளின் குடற்புழுக்களும் வாய்க்கால் நத்தையும்

சங்கத்தில் கடன் பெற்றுக் கறவைப் பசு வாங்கிய அங்கத்தினர் ஒருவர், அதனை விற்றுவிட்டதாகவும், தவணைக்கு அவகாசம் வேண்டுமென்றும் சென்ற ஆண்டு நம்மிடம் கூறினார். அறுவடையான வயலில் மேய்ந்த பசு இரண்டே மாதங்களில் எலும்பும் தோலுமாயிற்று. நாற்றமுள்ள கழிச்சல் கண்டது. தாடையின் கீழ் பைபோல் நீர் கட்டியது. கண்ணேறு என்று கருதி மந்திரித்தார். முடிவில் வியாபாரி கேட்ட விலைக்கே பசு போயிற்று. கடன் மட்டும் நின்றது. இத்தகைய நஷ்டத்தைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்பதனாலேயே இவ்விஷயத்தை இங்கு விளக்குகிறோம்.

மேற்கூறிய குறிகள் பெரும்பாலும் தட்டைப் புழுக்களால் வருபவை. இப்புழுவின் முட்டை சாணத்துடன் வெளிவந்து நீரை அடைகிறது. அதிலிருந்து பொரிக்கும் நுண்ணுயிர் நத்தையின் உடலுள் புகுந்து, சில வாரங்களில் பலவாகப் பெருகி வெளியேறுகிறது. பின்னர்ப் புல்லிலும் வைக்கோலிலும் ஒட்டிக்கொண்டு, மேயும் மாட்டின் வயிற்றைச் சேர்கிறது. கல்லீரல் தட்டைப் புழுவின் இவ்வரலாறு 1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் கண்டறியப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், 1879-80-இல், மழை மிகுந்த இங்கிலாந்தில் சுமார் முப்பது லட்சம் ஆடுகள் இந்நோயால் மடிந்திருந்தன.

நமது டெல்டாவில் வாய்க்கால், வடிகால், குட்டை எங்கும் நத்தை உண்டு. நீர் வற்றும் தை, மாசி மாதங்களில் மாடுகள் எஞ்சிய ஈரப் பள்ளங்களையே நாடுகின்றன. நத்தைகளும் அங்கேயே கூடுகின்றன. இரைப்பைத் தட்டைப் புழுவின் குஞ்சுகள் முதலில் சிறுகுடலைத் துளைத்து வாழ்கின்றன; கழிச்சலுக்குக் காரணம் இவையே. இக்காலத்தில் சாணத்தில் முட்டை காணப்படாமலும் இருக்கலாம். ஆகவே சாணத்தோடு மாட்டையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். உருண்டைப் புழுவுக்கான மருந்து இக்குஞ்சுகளைக் கொல்லாது என்பதையும் அறிய வேண்டும்.

சேற்றில் உழுவதற்குப் பெயர்பெற்ற உம்பளச்சேரி இனத்தின் தாயகமான தலைஞாயிறு, வேதாரண்யம் பகுதிகளில் மற்றொரு கவலையும் உண்டு. 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரைக் காட்டில் மானும் நரியும் வாழ்கின்றன. மானும் ஆடும் ஒரே வெளியில் மேயுமாயின், இரத்தம் உறிஞ்சும் உருண்டைப் புழுக்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவக்கூடும். காலைப் பனியில் புழுக்குஞ்சுகள் புல்நுனிக்கு ஏறுகின்றன. எனவே பனி உலர்ந்த பின்னரே ஆடுகளை ஓட்டுதல் நலம். நாய், நரி இவற்றின் நாடாப் புழு முட்டைகள் ஆட்டின் மூளையிலும் மாட்டின் ஈரலிலும் நீர்க்கட்டிகளை உண்டாக்குகின்றன. சில மனிதருக்கும் தீங்கு செய்கின்றன. ஆகவே இறந்த கால்நடையின் குடலையும் ஈரலையும் நாய்க்கு எறியாமல் ஆழப் புதைக்க வேண்டும். வீட்டு நாய்க்கும் புழு மருந்து தரவேண்டும். நாயைத் தொட்டு விளையாடும் குழந்தைகள் கை கழுவப் பழக வேண்டும்.

கன்றுகளுக்குப் பெரிய உருண்டைப் புழு தாய்ப்பாலின் வழியே வருகிறது. கன்று பிறந்து 10 முதல் 16 நாட்களுக்குள் முதல் மருந்து தருதல் வழக்கம்.

அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. குட்டை நீரை விடுத்துத் தொட்டியில் நீர் காட்டுக.

2. வாய்க்கால் ஓரப் புல்லை நீர்மட்டத்திற்கு மேலே அறுத்து, வெயிலில் நன்கு உலர்த்தி இடுக.

3. சாணத்தை நீரோரம் குவியாமல் எருக்குழியில் மக்கவிடுக.

4. அறுவடை வயலில் வாத்து மேய்ப்பவரை அனுமதிக்கலாம். வாத்து நத்தையைத் தின்னும்.

5. மருந்தை எடைக்கேற்ற முழு அளவில் தருக. அரைகுறை அளவினால் புழுக்கள் மருந்துக்கு மசியாமற் போகின்றன. தமிழ்நாட்டு ஆடுகளிலும் இது கண்டறியப்பட்டுள்ளது.

6. மருந்து தந்தபின், மருத்துவர் குறிக்கும் நாட்கள்வரை பாலைச் சங்கத்தில் ஊற்றற்க.

தனியொருவர் மருந்திட்டு, அடுத்தவர் இடாதிருப்பின் பயன் குறைவே. பொது மேய்ச்சல் தரையும் பொது வாய்க்காலும் எல்லோர் மாட்டையும் இணைத்து நிற்கின்றன. ஆதலின் மழைக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும், ஊரார் அனைவரும் ஒரே வாரத்தில் மருந்து தர ஏற்பாடு செய்யுமாறு சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு வேளை மருந்தின் செலவு சிறிது. ஒரு பசுவை இழந்து கட்டும் தவணையோ நெடிது.