மூளைச் சுவருக்குள் ஒரு போக்குவரத்து

கருவில் மூளை முதலில் வெறும் குழாய்தான். நடுவே நீர், சுற்றிலும் சுவர். அந்தச் சுவரை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், உட்கருக்கள் பல அடுக்காக நெருக்கியடித்துக்கொண்டு தெரியும். நீரை ஒட்டிய உள்விளிம்பில் மட்டும் சில செல்கள் உருண்டு திரண்டு, இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும். பிரிபவை ஓர் இனம், மற்றவை வேறு இனம் என்றே 19-ஆம் நூற்றாண்டில் உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ் கருதினார்.

1935-இல் ஆய்வாளர் எஃப். சி. சாவர் அதை மறுத்தார். அடுக்கு பல அல்ல, ஒன்றுதான்; ஒவ்வொரு செல்லும் சுவரின் முழுத் தடிமனுக்கும் நீண்டு கிடக்கிறது; அதற்குள் உட்கருதான் போய்வருகிறது என்றார். அசையாத சீவல்களை மட்டுமே வைத்துக்கொண்டு ஓர் அசைவைக் கண்டுசொன்னது அபாரமான காரியம். 1959-இல், புதிதாக உருவாகும் டி.என்.ஏ.வில் சேரும் கதிரியக்கத் தைமிடினைக் கொண்டு நடந்த சோதனைகள் அவர் சொன்னதை உறுதிசெய்தன.

சுவரில் நீண்டு கிடக்கும் இந்தச் செல்கள்தாம் மூளையின் ஸ்டெம் செல்கள். மிக ஒடுக்கமானவை, உட்கரு இருக்கும் இடம் மட்டும் இரை விழுங்கிய பாம்பின் வயிறாகப் புடைத்திருக்கும். பிரிந்து முடிந்ததும் அந்தப் புடைப்பு வெளிப்பக்கமாக நகர்கிறது. அங்கே டி.என்.ஏ. இரட்டிக்கிறது. பிறகு மீண்டும் உள்விளிம்புக்கு வந்து பிரிகிறது. சுண்டெலிக் கருவில் ஒரு சுற்றுக்குத் தொடக்கத்தில் சுமார் 8 மணி நேரம். பின்னாளில் 18 மணி நேரம்வரை நீளும்.

இருந்த இடத்திலேயே பிரிந்தால் என்ன? குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் அமைப்பை உருவாக்க சென்ட்ரோசோம் வேண்டும். இந்தச் செல்களில் அது உள்விளிம்பின் நுனியில், நீருக்குள் நீட்டிய ஒரு நுண்ணிழையின் அடியில் ஊன்றியிருக்கிறது. அது வராது, எனவே உட்கருதான் அதைத் தேடிப் போக வேண்டும். டைனின் என்ற புரதம் உட்கருவின் உறையைப் பற்றிக்கொண்டு, நுண்குழல்கள் வழியே அதை உள்ளே இழுத்து வருகிறது. வெளியே கொண்டுபோவது கைனசின் குடும்பத்துப் புரதம். இதை 2010-இல் எலிக் கருவின் மூளையில் காட்டியது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் வாலீ குழு. டைனினை முடக்கினால் உட்கரு பாதி வழியில் நின்றுவிடும். பிரிதல் தொடங்குவதே இல்லை.

டைனினுக்குத் துணைநிற்கும் புரதங்களில் ஒன்று லிஸ்1. அதன் மரபணு பழுதானால், குழந்தை மடிப்புகள் குறைந்த வழவழப்பான மூளையோடு பிறக்கிறது. வலிப்பு வரும், அறிவு வளர்ச்சி தடைபடும். பிறந்த நியூரான்கள் தமக்குரிய இடத்துக்குப் போய்ச் சேராததே காரணம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். எலிக் கருக்களில் லிஸ்1-ஐக் குறைத்துப் பார்த்தபோது, நியூரான் பிறப்பதற்கு முன்பே, தாய்ச்செல்லுக்குள்ளேயே உட்கரு வழியில் சிக்கிக்கொள்வதும் தெரியவந்தது.