புனைபெயர் பூணுதல்

எழுதத் தொடங்கும் இளைஞர் பலர், முதற் கட்டுரை முற்றுப்பெறு முன்னரே புனைபெயரைத் தேடத் தொடங்குகின்றனர். அது குற்றமன்று. ஆயினும், புனைபெயர் செவிக்கினிய அணியாக மட்டும் அமைதல் போதாது. எழுதுவோர் எதற்குக் கடமைப்பட்டவர் என்பதையும் அது உணர்த்துதல் வேண்டும்.

புதுவையில் வாழ்ந்த கனக. சுப்புரத்தினம் (1891–1964), பாரதிதாசன் என்னும் பெயரால் தம் ஆசானைப் போற்றினார். நம் நாட்டுக் கவிஞர் கே. சின்னத்துரை (1931–1975), தாம் பிறந்த பெரியநீலாவணையை நினைந்து நீலாவணன் ஆனார். அளவெட்டி து. உருத்திரமூர்த்தி (1927–1971) மஹாகவி என்னும் பெரும்பெயரைச் சூடினார். ஆயினும், ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்’ பாடி, எளிய மனிதனையே காவிய நாயகனாக்கினார். பெயரின் பாரத்தைச் சுமக்க வல்லாரே அத்தகைய பெயரைப் பூணலாம்.

ஆதலின், மாணவர்க்கு நாம் கூற விரும்புவது இது: ஊரேனும், ஆசானேனும், கொண்ட கொள்கையேனும் விளங்கும் பெயரொன்றைத் தெரிந்து, அதனையே இறுதிவரை பேணுக. இதழுக்கொரு பெயர் பூண்டால், பிற்காலத்தில் ஆக்கங்களைத் தொகுப்போர் அவை ஒருவர்க்கே உரியன என அறியார். நல்ல எழுத்தும் உரியவரின்றி மறையும். பிறரைத் தூற்றுதற்குரிய திரையாகவும் அதனைக் கொள்ளற்க. சொந்தப் பெயரில் எழுத நாணுவதைப் புனைபெயரிலும் எழுதாதிருத்தலே நன்று.