ஆற்றுநீரில் இரசாயன மாசுக்கள்: எந்தச் சோதனை எதைக் காட்டும்?



மாதுறு ஓயா நமது கிரான் பிரதேச வயல்வெளிகளூடாக வந்து வாழைச்சேனைப் பக்கமாகக் கடலை அடைகிறது. வயலுக்கு இட்ட யூரியாவும் தெளித்த களைநாசினியும் மழைநீரோடு ஆற்றில் சேரலாம். "நீர் தெளிவாக உள்ளது, எனவே மாசில்லை" என்று விடை எழுதாதீர்கள். கரைந்த நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. எனவே ஆய்வுகூட முறைகள் தேவைப்படுகின்றன. அவற்றுள் நான்கை ஒப்பிடுவோம்.

1. நியமிப்பு
கரைந்த ஒட்சிசனை அளக்க விங்கிளர் முறை பயன்படுகிறது. இதில் ஒட்சிசனின் அளவுக்கேற்ப அயடீன் வெளிவிடப்படும். அதனைச் சோடியம் தயோசல்பேற்றினால் நியமிப்பர். மாப்பொருளின் நீலநிறம் மறைவதே முடிவுப்புள்ளியாகும். செலவு குறைவு. ஆனால் ஒட்சிசன் குறைந்துள்ளது என்பதைக் காட்டுமேயன்றி, அதற்குக் காரணமான பொருளைக் காட்டாது.

2. நிறமானி முறை
நைத்திரேற்றை நைத்திரைற்றாகத் தாழ்த்தி, இளஞ்சிவப்புச் சாயமாக மாற்றி, நிறத்தின் செறிவை அளப்பர். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நீர் கலங்கலாக இருந்தால் வடிகட்டிய பின்னரே அளக்க வேண்டும்.

3. அணு அகத்துறிஞ்சல் முறை
ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களுக்கு உரியது. ஒவ்வோர் உலோகமும் தனக்கேயுரிய அலைநீள ஒளியை உறிஞ்சும். ஈயத்தின் எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது நைத்திரேற்றின் எல்லையில் 5000இல் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவுக்குச் சுவாலையைவிடக் கிரபைற்று உலையே பொருத்தமானது.

4. நிறப்பதிவியல்
பீடைநாசினிகளைப் பிரித்தறிய உதவுகிறது. ஆவியாகக்கூடியவற்றுக்கு வாயு நிறப்பதிவியல் ஏற்றது. கிளைபொசேற்று எளிதில் ஆவியாகாது. அதற்குத் திரவ நிறப்பதிவியல் பொருத்தம். கருவிக்கும் பயிற்சிக்கும் செலவு அதிகம்.

கவனிக்க: மாதிரி எடுப்பதில் தவறினால் எந்தக் கருவியாலும் பயனில்லை. ஒட்சிசன் மாதிரியில் வளிக்குமிழி இருக்கக்கூடாது. ஆற்றங்கரையிலேயே இரசாயனங்களைச் சேர்க்க வேண்டும். நைத்திரேற்று மாதிரியைக் குளிரில் வைக்க வேண்டும். உலோக மாதிரிக்குச் சிறிது நைத்திரிக்கமிலம் சேர்க்க வேண்டும். பீடைநாசினி மாதிரிக்குப் பெரும்பாலும் கபிலநிறக் கண்ணாடிப் போத்தல் பயன்படும்.

மாதிரி வினா: ஆற்றில் மீன்கள் இறந்து மிதக்கின்றன. எச்சோதனையை முதலில் செய்வீர்? ஏன்?

விடை: கரைந்த ஒட்சிசனை முதலில் அளக்க வேண்டும், அதனை உடனடியாக அவ்விடத்திலேயே தொடங்கலாம். ஒட்சிசன் மிகக் குறைவெனில் சேதனக் கழிவையோ அல்காப் பெருக்கத்தையோ சந்தேகிக்கலாம். போதியளவு இருப்பின் நஞ்சைச் சந்தேகித்து, நீரையும் மீனையும் பீடைநாசினிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

மனதிற் கொள்க: "ஈயம் காணப்படவில்லை" என்ற அறிக்கை ஈயத்தைப் பற்றி மட்டுமே கூறுகிறது. அந்நீரில் களைநாசினி இல்லை என்பதற்கு அது சான்றாகாது. விடைத்தாளில் மட்டுமல்ல, உங்கள் வீட்டுக் கிணற்று நீரின் அறிக்கையை வாசிக்கும்போதும் இதனை மறவாதீர்கள்.