உங்களுக்குத் தெரியுமா? மின்சாரம் கேட்காத பத்து மடங்கு!

இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியோடு மெல்லிய கம்பிச்சுருளும் சேர்ந்து அசைந்தால் அது 'மூவிங் காயில்' கார்ட்ரிட்ஜ். சுருள் எடை குறைவாக இருக்க வேண்டுமென்பதால் சுற்றுகள் சில, மின்னழுத்தமும் சொற்பம். ஜப்பானின் என்.எச்.கே. வானொலிக்காக 1960களில் டெனான் உருவாக்கிய டிஎல்-103 தருவது சுமார் 0.3 மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிஃபயரின் சாதாரண ஃபோனோ உள்ளீட்டுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் தேவை. 1:10 ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் அதை ஏறக்குறையப் பத்து மடங்காக்குகிறது, எந்த மின் இணைப்பும் இல்லாமல். எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் மின்தடையோ அந்த விகிதத்தின் வர்க்கத்தில் இறங்கும். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுத் தடையான 47,000 ஓம், 1:10 விகிதத்தில் கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத்தான் தெரியும். 1:30 என்றால் வெறும் 52. கார்ட்ரிட்ஜின் உள்தடையைப் பார்த்துவிட்டே டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளையிலிருந்து அதைத் தள்ளியே வையுங்கள். அருகில் வைத்தால் இரைச்சல் நிச்சயம்.