உண்டியல் யார் கையில்?

2006-ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள் 13-ஆம் நாள். இங்கிலாந்து நாட்டிலே கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இன்னும் பத்து வாரங்கள் இருந்தன. ஆனால், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழை எளியவர்களுக்கு அந்த ஆண்டுப் பண்டிகை அன்றைக்கே செத்துவிட்டது!

கொள்ளைக்காரன் வந்தானா? இல்லை. தீப்பிடித்ததா? இல்லை. வெள்ளம் வந்து வாரிச் சென்றதா? அதுவும் இல்லை. ஸ்விண்டன் நகரிலே இருந்த 'ஃபேர்பாக்' என்ற கம்பெனி கதவை மூடிற்று, அவ்வளவுதான்! கதவுக்குப் பின்னே சிக்கிக்கொண்டது என்ன? ஏறத்தாழ 4 கோடி பவுன்! ஆளுக்குச் சராசரியாகச் சுமார் 400 பவுன்!

சீமான் வீட்டுச் சில்லறையல்ல தோழர்களே, அது! கூலி வேலை செய்யும் தாயின் பணம். ஓய்வூதியத்திலே உயிர் வாழும் மூதாட்டியின் பணம். ஆண்டு முழுவதும், வாரம் ஐந்து பவுன், பத்துப் பவுன் என்று, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். பக்கத்து வீட்டுப் பெண்மணிதான் ஏஜெண்டு. தெருவாரிடம் வசூலித்துக் கம்பெனிக்கு அனுப்புவார். பண்டிகை நெருங்கும்போது கூடை நிறையத் தின்பண்டம் வரும். கடையிலே கொடுத்துச் சாமான் வாங்கக் கூப்பன் வரும். வரும், வரும் என்று காத்திருந்தார்கள். வந்தது கூடையல்ல, கம்பெனி திவாலான செய்தி!

'ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைப்பானேன்?' என்று கேட்கும் பகுத்தறிவாளர் நம்மிலே உண்டு. கேட்கட்டும், வீண் ஆடம்பரம் வேண்டாம் என்பதுதான் நம் கொள்கையும். ஆனால், அடுத்த வீட்டுப் பிள்ளை புத்தாடை கட்டி நிற்க, தன் பிள்ளை கதவோரம் நின்று பார்ப்பதைக் காணும் தந்தையின் நெஞ்சம் இருக்கிறதே, அதற்குச் சித்தாந்தம் மருந்தாகுமா? செலவு ஒரு நாள் வருகிறது. கூலியோ ஆண்டு முழுதும் ஒரே அளவுதான் வருகிறது. ஆகவே, ஏழை சிறுகச் சிறுகச் சேர்க்கிறான். அது மூடத்தனமல்ல, முன்யோசனை!

இந்த முன்யோசனைக்கு வயது அதிகம். 1843-லே டிக்கன்ஸ் எழுதிய 'ஏ கிறிஸ்துமஸ் கரோல்' கதையிலே ஓர் எழுத்தன் வருகிறான். வாரச் சம்பளம் 15 ஷில்லிங். வீடு நிறையப் பிள்ளைகள். பண்டிகையன்று மேசைக்கு ஒரு வாத்து வந்ததும் அந்த வீடே துள்ளுகிறது! ஒரு வாத்து அவ்வளவு பெரிய செல்வம். அக்காலத்து ஏழைகள் அதை வாங்கக் கண்ட வழி, 'கூஸ் கிளப்'. நம் ஊர் வழக்கிலே சொன்னால், வாத்துச் சீட்டு! வாரம் சில பென்ஸ் கட்டினால் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாத்து. கானன் டாயில் 1892-லே எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றிலேகூட இந்தச் சீட்டு வருகிறது. சீட்டை நடத்துபவன் யார்? மதுக்கடைக்காரன்! சீட்டுக் கட்டப் போகிறவன் தொண்டை நனையாமல் திரும்புவானா? ஒரு கை சேமிக்க, மறு கை செலவழிக்க, இரண்டும் கடைக்காரன் கல்லாவிலேயே விழுந்தன!

மதுக்கடை மறைந்தது, கம்பெனி வந்தது. கல்லா மட்டும் மாறவில்லை.

சரி, ஃபேர்பாக் மூடியதும் சட்டம் என்ன சொல்லிற்று? வங்கியிலே போட்டிருந்தால் அது டெபாசிட். அதற்குப் பாதுகாப்பு உண்டு. கம்பெனியிலே கட்டியதோ, வரப்போகும் பண்டத்துக்கு முன்பணமாம்! ஆகவே பாதுகாப்பு இல்லையாம். பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களோடு கடைசி வரிசையிலே நிற்க வேண்டுமாம்! முன்வரிசையிலே நின்றது யார்? தாய்க் கம்பெனிக்குக் கடன் கொடுத்த எச்.பி.ஓ.எஸ். வங்கி. ஏழைகளின் தவணை வந்து சேரச் சேர, வங்கிக்கு வரவேண்டிய பாக்கி குறைந்துகொண்டே போயிற்று. குருவி சேர்த்த நெல், கழுகின் குதிருக்குப் போன கதை!

இயக்குநர்கள் மீது அரசு வழக்குத் தொடர்ந்தது. 2012-லே வழக்குப் பாதியிலேயே கைவிடப்பட்டது. வங்கி நடந்துகொண்ட விதத்தை நீதிபதி பீட்டர் ஸ்மித் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு, அந்த வங்கியை விலைக்கு வாங்கியிருந்த லாயிட்ஸ் 80 லட்சம் பவுன் தந்தது. ஆறு ஆண்டு காத்திருந்து, எல்லாம் கூட்டிப் பார்த்தால், இழந்ததிலே ஏறத்தாழப் பாதி! மீதிப் பாதியை யாரிடம் கேட்பது? அந்த ஆறு கிறிஸ்துமஸை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

தோழர்களே! அதே இங்கிலாந்து நாட்டிலே, வேறு ஒரு வரலாறும் உண்டு.

லங்காஷயர் மாவட்டத்து ராச்டேல் நகரம். நெசவுத் தறிகளும் வறுமையும் ஒருங்கே ஓடிய ஊர். கடைக்காரன் மாவிலே கலப்படம் செய்வான்; எடையிலே ஏய்ப்பான்; கடனிலே கட்டிப் போடுவான். அங்கே 28 தொழிலாளர்கள் கூடினார்கள். வாரம் இரண்டு பென்ஸ், பிறகு மூன்று பென்ஸ் என்று சேர்த்தார்கள். ஆளுக்கு ஒரு பவுனாக, 28 பவுன் சேர்ந்தது. 1844 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு நான்கே நாள் முன்பு, டோட் லேன் என்ற தெருவிலே சொந்தக் கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் ஆகிய சில பண்டங்கள்தான் இருந்தன. ஆனால் கலப்படமில்லை, கள்ள எடையில்லை. இலாபம் வாங்கியவர்களுக்கே, வாங்கிய அளவுக்கேற்பத் திரும்பிற்று. ஆளுக்கு ஒரு வாக்கு. பணக்காரனுக்கு இரண்டு இல்லை! உலகக் கூட்டுறவு இயக்கம் அந்தச் சிறு கடையைத்தான் தன் தொட்டில் என்று போற்றுகிறது.

இரு சாராரும் ஏழைகளே! இரு சாராரும் வாரவாரம் சேர்த்தவர்களே! பின் ஏன் ஒருவர் அழுதார், ஒருவர் வென்றார்? ஃபேர்பாக்கிலே சேர்த்தவர் உண்டியலை அந்நியனிடம் கொடுத்தார். ராச்டேலிலே சேர்த்தவர் உண்டியலின் சாவியைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். கணக்கையும் தாமே பார்த்தார்.

கடல் கடந்த கதைதானே என்று தள்ளிவிட முடியுமா? நம் ஊரிலே இல்லையா? தீபாவளிச் சீட்டு, பொங்கல் சீட்டு, கிறிஸ்துமஸ் சீட்டு! பாத்திரம் உண்டு, பட்டாசு உண்டு, பட்டுப்புடவை உண்டு என்று சொல்லி வசூலித்தவன், பண்டிகைக்கு முன்னாலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு மறைந்த கதை எத்தனை ஊரிலே கேட்டிருக்கிறோம்! தீபாவளி நம் பண்டிகை அல்ல. ஆனால், தீபாவளிச் சீட்டிலே ஏமாந்த பாட்டாளியின் கண்ணீர் நம்முடையது, கண்ணீருக்கு மதமில்லை.

முதலீட்டாளர் நலன் காக்க 1997-லே கலைஞர் ஆட்சியிலே தமிழ்நாடு சட்டம் செய்தது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்து 2019-லே மத்தியிலும் சட்டம் வந்தது. சட்டம் வேண்டும், ஆனால், பெரும்பாலும் சட்டம் வந்து கதவைத் தட்டும்போது பணம் பின்வாசல் வழியே போய்விட்டிருக்கும்!

ஆகவே தோழனே, சேமி. ஆனால் கேட்டுவிட்டுச் சேமி. பதிவு உண்டா? என் பெயரிலே பாஸ் புத்தகம் உண்டா? கணக்கைப் பார்க்க எனக்கு உரிமை உண்டா? இல்லையென்றால், எத்தனை வெள்ளிக் குத்துவிளக்கைக் காட்டினாலும் காசை நீட்டாதே! அஞ்சலகத்திலே தொடர் வைப்புக் கணக்கு இருக்கிறது. வங்கி டெபாசிட்டுக்கு, கூட்டுறவு வங்கி உட்பட, 2020 முதல் 5 லட்ச ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. ஆலை வாயிலிலே சங்கக் கொடி ஏற்றும் நாம், அதே வாயிலிலே பதிவு பெற்ற சிக்கன நாணயச் சங்கம் ஒன்றையும் ஏற்படுத்தலாமே!

வியர்வை நம்முடையது. வாரக் காசு நம்முடையது. பிள்ளையின் சிரிப்பும் நம்முடையது. உண்டியல் மட்டும் ஏன் இன்னொருவன் கையில்?