சாப்பிடும்போது மனசு எங்கே இருக்கிறது?

நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?

யோசிக்காமல் சட்டென்று சொல்லுங்கள் பார்ப்போம்! 'தோசை... இல்லையில்லை, சப்பாத்தி' என்று தடுமாறுகிறவர்கள்தான் அதிகம். ஆனால், சாப்பிடும்போது ஓடிய சீரியலில் மாமியார் மருமகளை என்ன சொல்லித் திட்டினாள் என்று கேட்டுப் பாருங்கள். வரிக்கு வரி வரும்! கை தட்டில், கண் திரையில், மனசு எங்கேயோ. உள்ளே போனது என்ன, எவ்வளவு என்பது நாக்குக்கே தெரியாது.

'சாப்பாடு வயித்துக்குத்தானே? மனசுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியை நம் முன்னோர்கள் எப்போதோ கேட்டுவிட்டார்கள். பதிலைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள்!

பதினைந்து நாள் பட்டினி

சாந்தோக்ய உபநிஷத்தில் ஒரு அப்பாவும் பிள்ளையும் வருகிறார்கள். அப்பா உத்தாலக ஆருணி. பிள்ளை ஸ்வேதகேது. 12 வயதில் குருகுலம் போன பிள்ளை, வேதங்களை எல்லாம் படித்து முடித்து 24 வயதில் வீடு திரும்புகிறான், 'எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை' என்ற கர்வத்தோடு!

அப்பா பொறுமையாகப் பாடம் ஆரம்பிக்கிறார். நாம் சாப்பிடும் அன்னம் உடம்புக்குள் மூன்றாகப் பிரிகிறதாம். கனமான பகுதி கழிவாகிறது. நடுத்தரமான பகுதி சதையாகிறது. மிகமிக நுட்பமான பகுதி மனமாகிறது. தயிரைக் கடைந்தால் வெண்ணெய் மேலே திரண்டு வருகிறதே, அந்த மாதிரி!

பிள்ளை நம்பவில்லை. அப்பா வாதம் செய்யவில்லை. '15 நாள் சாப்பிடாமல் இரு. தண்ணீர் மட்டும் வேண்டிய அளவு குடி' என்கிறார். அப்படியே இருந்துவிட்டு வருகிறான். 'வேதத்தைச் சொல்லு' என்கிறார் அப்பா. ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை! 'போய்ச் சாப்பிட்டு வா' என்று அனுப்புகிறார். சாப்பிட்டு வந்ததும் கேட்டதெல்லாம் கடகடவென்று வருகிறது. பெரிய நெருப்பு அணைந்து மின்மினி அளவு கங்கு மட்டும் மிஞ்சினால் அதனால் எதையும் எரிக்க முடியாது. அதிலேயே கொஞ்சம் வைக்கோல் போட்டால் மறுபடி குபுகுபுவென்று பற்றிக்கொள்ளும். உன் மனசும் அப்படித்தான் என்று விளக்குகிறார் அப்பா.

(இந்தச் சோதனையை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்!)

இன்றைய மருத்துவம் இதை வேறு பாஷையில் சொல்கிறது. உடம்பின் எடையில் மூளை சுமார் 2 சதவிகிதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவிகிதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பரீட்சைக்கு ஓடும் பிள்ளைக்குப் படித்தது மறந்து போனால், அது சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியுமா?

மூன்று வகை சாப்பாடு

பகவத் கீதையின் 17-வது அத்தியாயம் உணவை மூன்றாகப் பிரிக்கிறது. ஆயுள், பலம், ஆரோக்கியம், சந்தோஷம் இவற்றை வளர்ப்பது, சாறும் நெய்ப்பும் உள்ளது, மனசுக்குப் பிடித்தது சாத்விகம். அதிகக் கசப்பு, புளிப்பு, உப்பு, சூடு, காரம், எரிச்சல் தருவது ராஜஸம். ஆறிப்போய், ருசி கெட்டு, நாற்றமெடுத்து, ஒருத்தர் சாப்பிட்டு மிச்சம் வைத்தது தாமஸம்.

சாத்விகம் மனசைத் தெளிவாக்கும், ராஜஸம் படபடக்க வைக்கும், தாமஸம் மந்தமாக்கும் என்பது பெரியவர்கள் சொல்லும் விளக்கம்.

இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? இந்த சுலோகங்களில் வெங்காயம், பூண்டு என்று எந்தப் பொருளின் பெயரும் இல்லை. அந்தப் பட்டியலெல்லாம் வேறு நூல்களிலிருந்தும் சம்பிரதாயங்களிலிருந்தும் வந்தவை. கீதை பேசுவது குணத்தையும் அளவையும்தான். காரமே கூடாது என்று சொல்லவில்லை. அளவு மீறிய காரம் கூடாது என்கிறது. ஆறாவது அத்தியாயத்தில் இன்னும் தெளிவு. அதிகமாகச் சாப்பிடுகிறவனுக்கும் யோகம் கிடையாது; ஒன்றுமே சாப்பிடாதவனுக்கும் கிடையாது!

'அப்போ நம்ம பழைய சோறு தாமஸமா?' என்று ஒரு சந்தேகம் வரும். கெட்டுப் போனது வேறு, பக்குவமாகப் புளித்தது வேறு. தயிரும் புளித்ததுதானே! புளித்த உணவில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் குடலுக்கு நன்மை செய்யக்கூடியவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சுத்தமான தண்ணீர் ஊற்றி, மூடி வைத்து, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். நான்கு நாள் ஃபிரிட்ஜில் கிடந்து, திரும்பத் திரும்பச் சுட வைத்த சாம்பாருக்கு இந்தச் சலுகை கிடையாது!

வாயால் மட்டுமா சாப்பிடுகிறோம்?

ஆகாரம் சுத்தமானால் உள்ளம் சுத்தமாகும் என்பது சாந்தோக்ய உபநிஷத் ஏழாவது அத்தியாயத்தின் கருத்து. இதில் 'ஆகாரம்' என்றால் என்ன? இரண்டு மகா ஆச்சாரியர்கள் இரண்டு விதமாக விளக்கியிருக்கிறார்கள்.

ஆதிசங்கரர் சொல்வது: கண், காது முதலான புலன்கள் வழியாக உள்ளே வாங்கிக்கொள்வது எல்லாமே ஆகாரம்தான். அப்படிப் பார்த்தால், சாப்பிடும் நேரத்தில் டி.வி.யில் ஓடும் கொலைச் செய்தியும், செல்போனில் வரும் வம்பும்கூட நம் தட்டில்தான் விழுகின்றன!

ராமானுஜர் வழியில் ஆகாரம் என்றால் உண்ணும் உணவேதான். அதற்கு மூன்று தோஷங்கள் உண்டு. பொருளின் இயல்பிலேயே உள்ள குறை ஜாதி தோஷம். இங்கே ஜாதி என்பது பொருளின் வகை. மனிதர்களின் ஜாதி அல்ல. யாரிடமிருந்து வருகிறதோ அவரால் வரும் குறை ஆசிரய தோஷம். முடி, தூசு, அழுக்கு விழுவது நிமித்த தோஷம்.

பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடந்து தர்மோபதேசம் செய்தபோது, 'அன்று சபையில் நான் கதறினேனே, அப்போது இந்த தர்மம் எங்கே போயிற்று?' என்று திரௌபதி கேட்டாளாம். 'அம்மா, அப்போது துரியோதனன் போட்ட சோறு என் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது' என்றாராம் பீஷ்மர். கதாகாலட்சேபங்களில் சொல்லும் கதை இது. அநியாயமாகச் சம்பாதித்த காசில் சமைத்தது அறிவை மழுங்கடிக்கும் என்பது அதன் தாத்பர்யம்.

ஆனால் இதே கருத்தைத் தீண்டாமைக்குச் சாக்காக்கியவர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் மதம் சமையல் பானைக்குள் போய்விட்டதே, 'என்னைத் தொடாதே' என்பதே மதமாகிவிட்டதே என்று 1897-ல் மானாமதுரையில் பேசும்போது விவேகானந்தர் குமுறினார். பார்க்க வேண்டியது சமைத்தவரின் பிறப்பை அல்ல. கை சுத்தத்தையும் மன சுத்தத்தையும்தான்.

கோபம் ஜீரணிக்காது!

சரக சம்ஹிதை என்ற ஆயுர்வேத நூல் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நீளமாகவே விதிகள் தருகிறது. சூடாக, அளவாக, முன்பு சாப்பிட்டது ஜீரணமான பிறகு, மனசுக்குப் பிடித்த இடத்தில், அவசரம் இல்லாமல், ரொம்ப இழுக்காமல், பேச்சும் சிரிப்பும் இல்லாமல், சாப்பாட்டிலேயே மனம் வைத்துச் சாப்பிடச் சொல்கிறது. திருவள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில், முன்பு சாப்பிட்டது செரித்ததா என்று பார்த்துச் சாப்பிட்டால் மருந்தே வேண்டாம் என்கிறார்.

சரகர் இன்னொன்றும் சொல்கிறார். நல்ல சாப்பாட்டை, சரியான அளவில் சாப்பிட்டாலும்கூட, கவலை, துக்கம், பயம், கோபத்தோடு சாப்பிட்டால் ஜீரணமாகாது!

இது எவ்வளவு உண்மை என்று இன்று தெரிகிறது. கோபமோ பயமோ வந்தால் உடம்பு சண்டைக்குத் தயாராகிறது. ரத்தம் கை கால் தசைகளுக்குத் திருப்பி விடப்படுகிறது. வயிற்று வேலை மந்தமாகிறது. நம் குடலில் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் உள்ளன. வேகஸ் என்ற நரம்பு வழியாகக் குடலும் மூளையும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற ரசாயனத்தில் சுமார் 90 சதவிகிதம் குடலில்தான் உற்பத்தியாகிறது. அது நேராக மூளைக்குப் போவதில்லை என்றாலும், குடலின் நிலைமை நரம்பு வழியாக மூளைக்குச் சேதியாகப் போகிறது.

2017-ல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மனச்சோர்வால் பாதிக்கப்பட்ட 67 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு 12 வாரம், காய், பழம், முழு தானியம், பருப்பு, மீன், கொட்டைகள் நிறைந்த உணவுப் பழக்கத்துக்கு ஆலோசனை. மற்ற பிரிவுக்கு ஆதரவான பேச்சுத் துணை மட்டும். முடிவில் முதல் பிரிவில் 32 சதவிகிதம் பேருக்கும், அடுத்த பிரிவில் 8 சதவிகிதம் பேருக்கும் மனச்சோர்வு விலகியிருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் யோசிக்க வைக்கிறது, இல்லையா?

கடைசியில் சாப்பிடுவது யார்?

இப்போது ஒரு சங்கடமான கேள்வி. மிச்சம் மீதி, ஆறிப்போனது, மற்றவர் வைத்துவிட்டுப் போனது... இதெல்லாம் தாமஸம் என்று பார்த்தோம். நம் வீடுகளில் தினமும் அதைச் சாப்பிடுவது யார்?

சமைத்த அம்மாதான்! எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டே, 'வீணாப் போயிடுமே' என்று குழந்தை வைத்த மிச்சத்தையும் சேர்த்து வாயில் போட்டுக்கொள்வாள். சமைப்பவரின் மனசு சாப்பாட்டில் இறங்கும் என்று நம்புகிறவர்கள், முதலில் கவனிக்க வேண்டியது அந்த மனசைத்தானே? 'உப்பு கம்மி' என்று தட்டை நகர்த்துகிற வீட்டில் சாத்விக உணவு எப்படிச் சமைக்க முடியும்? சோற்றைப் பழிக்காதே என்று தைத்திரீய உபநிஷத் சொல்வதைக் குடும்பத் தலைவர்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது!

இன்றே ஆரம்பிக்கலாம்

* சாப்பிடும் முன் இலையைச் சுற்றி நீர் விடுவதும், காக்கைக்குச் சோறு வைப்பதும் நம் வழக்கங்கள். நம்பிக்கை ஒருபுறம் இருக்க, ஓடி வந்த வேகத்தைத் தணிக்க அந்த ஒரு நிமிஷம் உதவுகிறது. அப்படி வழக்கம் இல்லாதவர்கள் கண்ணை மூடி மூன்று முறை மூச்சு இழுத்து விடுங்கள்.

* ஒரு வேளையாவது டி.வி., செல்போன் இல்லாமல் சாப்பிடுங்கள். முதல் ஐந்து வாயை மட்டுமாவது ருசி, மணம், சூடு எல்லாம் கவனித்து மென்று சாப்பிடுங்கள்.

* வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்டச் சுமார் 20 நிமிஷம் ஆகும். அதனால் நிதானம் முக்கியம். அரை வயிறு உணவு, கால் வயிறு நீர், மீதிக் கால் காலி என்பது ஆயுர்வேதக் கணக்கு.

* ரேங்க் கார்டு, கடன், நாத்தனார் வம்பு இவற்றைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள்.

* வாரத்தில் சில நாளாவது சமைத்தவரும் கூடவே உட்காரட்டும். பாத்திரங்களை நடுவில் வைத்துக்கொண்டால் அவரவரே பரிமாறிக்கொள்ளலாமே!

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல், அழுகையாக வந்தால் 'சாத்விகமா சாப்பிட்டா சரியாயிடும்' என்று விட்டுவிடாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தாலும் சோர்வும் மறதியும் வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மற்றபடி, பெரிய செலவோ பத்தியமோ தேவையில்லை. இன்று ராத்திரி டி.வி.யை அணைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். ரசத்தில் சீரகம் மணக்கிறதா, மிளகு தூக்கலா என்று கவனியுங்கள். நன்றாக இருந்தால் சமைத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாப்பிட்டது எதுவென்று நாளைக் காலையில் நிச்சயம் ஞாபகம் இருக்கும்!